வேலூரில் ஒரு தெய்வம் மனிதராக வாழும் கதையை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தெய்வங்கள் மனிதர்களாக நம்மிடையே வாழும் மிகுபுனைவுக் கதையைத் தமிழில் எழுத விரும்புகிறவர்களுக்கு இது. எல்லா எடுத்துக்காட்டும் வேலூரையும் பழைய வட ஆற்காட்டையும் சேர்ந்தவை. நான் எழுதுவது இந்த மண்ணை வைத்துத்தான். புதிதாக எழுதுகிறவர்களின் முதல் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வதும் என் வழக்கம். அந்தப் பிரதிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. தெய்வத்தின் சக்தியை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்கு ஒரு வாழ்க்கையைத் தேடுகிறார்கள். கீழே உள்ள படிகள் வேறு வரிசையில் போகும். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோயிலின் தலபுராணம் வேண்டும். கோயில் வாசலில் விற்கும் மெல்லிய தலவரலாற்றுப் புத்தகமோ, சுவரில் எழுதியிருக்கும் வரலாறோ போதும். ஆனால் அதை அந்த ஊர்க்காரர் ஒருவர் வாயாலும் கேட்டுவிடுங்கள். எழுத்தில் இருப்பதும் வாய்வழியாக வருவதும் வேறுபடும் இடத்தில்தான் பெரும்பாலும் உங்கள் கதை ஒளிந்திருக்கும்.

அந்தக் கோயிலின் திருவிழாவை ஒருமுறையாவது நேரில் பாருங்கள். காணொளி போதாது. கூட்டத்தில் யார் யாருக்கு வழி விடுகிறார்கள், யார் தேங்காய் உடைக்கிறார், யார் ஓரமாக நிற்கிறார் என்பது படக்கருவிக்குள் வராது.

உங்கள் பாத்திரம் செய்யப்போகும் தொழிலைச் செய்கிற ஒருவரோடு அரை நாள் இருங்கள். அது என்ன தொழில் என்பது நான்காம் படியில்தான் தெரியவரும். ஆகவே இந்த வேலையை அதுவரை தள்ளிப்போடலாம்.

1. தெய்வத்தைத் தேடாதீர்கள், ஒரு செயலைத் தேடுங்கள்

"சிவன் வேலூரில் வாழ்கிறார்" என்று தொடங்கினால் எதுவும் நகராது. சிவன் எல்லா ஊரிலும் இருக்கிறார், எல்லாம் செய்கிறார். எல்லாம் செய்யக்கூடியவரை வைத்துக் கதை எழுத முடியாது. தலபுராணம் அவரை ஓர் ஊரில், ஒரு வேளையில், ஒரு செயலுக்குள் நிறுத்திக் கொடுக்கிறது. உங்களுக்கு வேண்டியது அந்தச் செயல்தான்.

விரிஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூருக்கு மேற்கே, பெங்களூரு சாலையை ஒட்டிய ஊர். அங்கே மூலவர் மார்க்கபந்தீசுவரர், தமிழில் வழித்துணைநாதர். மிளகு வியாபாரி ஒருவர் கள்ளர் பயத்தோடு போனபோது இறைவனே காவலாகக் கூட நடந்தார் என்பது ஒரு கதை. பிரமனே சிவசர்மன் என்ற சிறுவனாகப் பிறந்து பூசை செய்ய வந்தபோது, எட்டாத பிள்ளைக்காக லிங்கம் தலை சாய்ந்தது என்பது இன்னொரு கதை. முதல் கதையில் செயல் 'கூட வருவது'. இரண்டாவதில் 'குனிவது'. இரண்டிலும் தெய்வம் யாரையும் அடிக்கவில்லை.

வள்ளிமலையில் செயல் 'கேட்பது'. முருகன் வேடனாக வந்து பார்க்கிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கடைசியில் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். தின்றதும் விக்கல் எடுக்கிறது, தண்ணீரும் கேட்கிறான். சூரனை வென்றவன் ஒரு தினைப்புனத்துப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டு நிற்கும் இடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். தெய்வம் மனிதனாகும் கதைக்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. தெய்வத்துக்கு மனிதரிடம் ஏதாவது தேவைப்பட்டால் மட்டுமே கதை உண்டு.

சோளிங்கரில் 1305 படிகளுக்கு மேலே யோக நரசிம்மர் ஆண்டு முழுவதும் யோகத்தில் இருந்து கார்த்திகையில் கண் திறக்கிறார் என்பது நம்பிக்கை. செயல் 'விழிப்பது'. படவேட்டு ரேணுகை, தினமும் ஆற்று மணலில் குடம் வனைந்து அதில் நீர் சுமந்தவள். செயல் 'சுமப்பது'. உங்களுக்கான செயலை ஒரே வினைச்சொல்லாகத் தாளின் மேல் எழுதி வையுங்கள். இனி வரும் ஒவ்வொரு படியும் அந்தச் சொல்லிடம் திரும்பி வந்து அனுமதி கேட்கும்.

2. எதை இழந்தார் என்று முடிவு செய்யுங்கள்

அடுத்த படி சக்தி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை, இழப்பு. என்ன முடியும் என்பதைவிட என்ன முடியாது என்பதுதான் காட்சிகளை உண்டாக்கும்.

நளன் கதையில் நமக்கு ஓர் அளவுகோல் ஏற்கனவே இருக்கிறது. சுயம்வர மண்டபத்தில் இந்திரன், அக்கினி, எமன், வருணன் நால்வரும் நளன் உருவில் உட்கார்ந்திருக்க, தமயந்தி உண்மையான நளனைக் கண்டுபிடிக்கிறாள். தேவர்களுக்குக் கண் இமைக்காது, வியர்க்காது, கால் தரையில் படாது, மாலை வாடாது, நிழல் விழாது.

இந்த ஐந்தையும் எழுதி, உங்கள் பாத்திரம் எவற்றை விட்டுவிட்டு மனிதராகியிருக்கிறார், எது மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று குறியுங்கள். நான்கை இழந்து ஒன்றை வைத்திருப்பது நல்ல கணக்கு. ஐந்தும் போய்விட்டால் அவர் மனிதர்தான், கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டு மூன்று மிஞ்சினால் முதல் அத்தியாயத்திலேயே தெருவே கண்டுபிடித்துவிடும்.

எந்த ஒன்று என்பதை ஊர் தீர்மானிக்கட்டும். வேலூரில் கத்திரி வெயிலில் வியர்க்காத ஆள் ஒரு மணி நேரம்கூட மறைந்திருக்க முடியாது. பேருந்து நிலையத்தில் எல்லோரும் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் உலர்ந்த சட்டையோடு நின்றால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். ஆகவே வியர்க்காமையை வைத்தால், அவர் அதை மறைக்கப் படும் பாடே பாதிக் கதை. சட்டையைத் தானே நனைத்துக்கொள்வாரா? பகலில் வெளியே வராத வேலை தேடுவாரா? மாலை வாடாமை இன்னும் நுட்பமானது. அவர் கைபட்ட பூ வாடாது என்றால் பூக்கட்டும் பெண்தான் முதலில் கவனிப்பாள், வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள்.

3. ஏன் வந்தார், எப்போது போவார்

சாபம், வேண்டுதலுக்குக் கொடுத்த வாக்கு, சொந்த விருப்பம் என்று மூன்று காரணங்கள் நம் கதைகளில் உண்டு. புதியவர்கள் கை முதலில் சாபத்துக்குப் போகும். எளிது, ஆனால் பாத்திரத்தின் விருப்பம் அதில் இல்லை. மேலே யாரோ தண்டித்தார், கீழே இவர் கழிக்கிறார் என்று கதை காத்திருப்பாகவே முடிந்துபோகும். வாக்கை நான் பரிந்துரைக்கிறேன். ஒருவருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்தவருக்குத் தினமும் செய்ய ஒரு வேலை இருக்கும்.

அவர் திரும்பும் நிபந்தனையை இப்போதே ஒரு வரியில் எழுதுங்கள். வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்தால் போதும். இதைத் திறந்து விட்டவர்களின் தொடர்கதைகள் இருபதாம் அத்தியாயத்தில் புது வில்லனைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

4. செயலிலிருந்து தொழிலை எடுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். எமன் டாக்டர், லட்சுமி வங்கி மேலாளர், வாயு விமானி. இவை ஒரு வரித் துணுக்குகள். படித்ததும் சிரிப்பு வரும், இரண்டாம் பக்கத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. தெய்வத்தின் துறையைத் தொழிலாக மாற்றியதால் வரும் கோளாறு இது. துறையை விடுங்கள், முதல் படியில் எழுதிய வினைச்சொல்லை எடுங்கள்.

வழித்துணைநாதர் 'கூட வருகிறவர்'. இன்றைய பெங்களூரு சாலையில் கூட வருவதையே தொழிலாகக் கொண்டவர் யார்? எல்லோரும் ஆட்டோ ஓட்டுநர் என்பார்கள். ஆனால் ஓட்டுநர் வண்டியைத் தன் கையில் வைத்திருக்கிறார், போகும் வழியை அவர் தீர்மானிக்கிறார். கூட வருகிறவர் லாரி கிளீனர். ஆம்பூரிலோ இராணிப்பேட்டையிலோ தோல் ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகம் போகும் லாரியில் இடதுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள். தார்ப்பாய் போடுவார், கயிறு இழுத்துக் கட்டுவார், ஏற்றத்தில் நின்றால் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார், பின்னால் எடுக்கும்போது தட்டித் தட்டிக் குரல் கொடுப்பார், ஓட்டுநர் கண் சொக்கினால் பேச்சுக் கொடுப்பார். ஸ்டியரிங்கைத் தொட மாட்டார்.

இப்போது விதி தானாகப் பிறக்கிறது பாருங்கள். இவர் எந்த வண்டியையும் திருப்ப முடியாது. கூட வர மட்டுமே முடியும். ஏறியவரைப் பாதியில் விட்டு இறங்கவும் முடியாது. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி, ஓட்டுநர் தவறான ஒரு காரியத்துக்குத் துணிகிறார் என்று வையுங்கள். இவர் தடுக்க முடியாது, இறங்கிப் போகவும் முடியாது. பெரிய போர்க்காட்சி தராத நெருக்கடியை இந்த இரண்டு 'முடியாது'ம் தரும்.

ரேணுகைக்கு 'சுமப்பது' என்றால், பாலாறு வறண்ட கோடையில் மூன்று மாடி ஏறித் தண்ணீர் கேன் போடும் பெண் பொருந்துவாள். மணற்குடம் மனம் சிதறினால் உடையும் என்ற விதியும் கூடவே வந்துவிடும். அவள் கை எப்போது நழுவும் என்பதே கேள்வி.

5. ஊரையும் நாளையும் கட்டுங்கள்

ஊர் பின்திரை அல்ல. வந்தவர் எப்படி மறைந்து வாழ்கிறார் என்ற கேள்விக்கு ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். குடியாத்தம் பக்கத்துச் சிற்றூரில் புது ஆள் ஒருவர் வந்து தங்கினால் பொழுது சாய்வதற்குள் "நீ யாரூட்டுப் புள்ள?" என்று கேட்டுவிடுவார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் லாட்ஜுத் தெருக்களில் யாரும் கேட்க மாட்டார்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கும் இடம், கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும் இடம். பெயர் தெரியாத ஆள் ஒருவர் அங்கே மாதக்கணக்கில் இருக்கலாம். ஆதார் அட்டைக்கு என்ன செய்தார் என்ற கேள்விக்கும் ஒரு வரிப் பதிலை வைத்திருங்கள். வாசகர் கட்டாயம் கேட்பார்.

தன் இடத்தை விட்டுத் தள்ளி வாழ்வது பற்றிக் கதை வேண்டுமானால் கோட்டையைப் பாருங்கள். ஜலகண்டேசுவரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்தது. சத்துவாச்சாரியில் காக்கப்பட்ட லிங்கம் 1981இல்தான் கோட்டைக்குள் திரும்பியது. வீடு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும் திரும்ப முடியாத ஒருவர். இதை இதுவரை யாரும் நன்றாக எழுதியதாக நான் பார்க்கவில்லை.

நாட்களைக் கதையின் மூட்டுகளில் வையுங்கள். மாசியில் சிவராத்திரியை அடுத்துப் பாலாற்று மணலில் மயானக்கொள்ளை. அன்று அங்காளம்மன் வேடமிட்டவர்கள் தெருவெங்கும் இருப்பார்கள், உண்மையான தெய்வம் ஒன்று அவர்களுக்கு நடுவே நடந்தாலும் தெரியாது. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம், தலை ஊரைச் சுற்றி வந்து கோயிலில் உடலோடு சேரும் நாள். கார்த்திகைக் கடை ஞாயிற்றில் விரிஞ்சிபுரம் சிம்மக் குளத்தில் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் நீராடுவார்கள். கூட வருகிறவர் அன்று யாரோடு வருவார்?

ஆண்டைத் தவறவிடாதீர்கள். 1989 வரை வட ஆற்காடு ஒரே மாவட்டம், வேலூர் அதன் தலைநகர். படவேடு இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில். 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின, சோளிங்கர் இராணிப்பேட்டையோடு போனது. பாலாறு என்றதும் மணல் என்று எழுதிவிடுவோம், 2021 நவம்பரில் அது கரை தொட்டு ஓடியது. அந்த வாரத்தில் நடக்கும் கதையில் ஆறு வறண்டிருந்தால் ஊர்க்காரர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

6. முதலில் அறிந்துகொள்பவர் யார்

வெளிநாட்டுக் கதைகளைப் படித்துப் பழகிய கை இங்கே ஒரு காட்சியை எழுதும். உண்மை தெரிந்ததும் மனிதப் பாத்திரம் அதிர்ந்து, மறுத்து, நம்ப முடியாமல் ஓடும். நம் ஊரில் அப்படி நடக்காது. ஆடி மாதத்தில் பம்பை உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே பக்கத்து வீட்டு அக்கா மேல் அம்மன் வந்து பேசுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தெய்வம் மனித உடலில் இருப்பது நமக்குப் புதிதல்ல. அதைச் சந்திக்க ஒரு முறையே வைத்திருக்கிறோம்.

அந்த முறையைக் கவனித்து எழுதுங்கள். சாமி வந்ததும் ஊர்ப் பெரியவர் விழுந்து கும்பிடுவதற்கு முன்னால் "வந்திருக்கிறது யாரு?" என்று கேட்பார். பெயரைச் சொல்ல வைப்பார். சில இடங்களில் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றுவார்கள். குறை கேட்பார்கள், வாக்குக் கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் திருநீறு போட்டு மலையேறச் சொல்வார்கள். அன்பும் சந்தேகமும் பேரமும் கலந்த சந்திப்பு அது. தெய்வத்திடம் உரிமையோடு கோபிப்பதும் அதில் சேர்த்தி.

ஆகவே உங்கள் கதையில் முதலில் அறிந்துகொள்ளும் பாட்டி அலற மாட்டாள். ஒரு கேள்வி கேட்பாள். பதில் சரியாக இருந்தால், "இத்தினி நாளு எங்க போயிருந்த?" என்று அடுத்த கேள்வி. அந்த இரண்டாம் கேள்விக்குத் தெய்வம் என்ன சொல்லும் என்று தெரியாமல் இந்தக் காட்சியை எழுத உட்காராதீர்கள். கதையின் நடு எலும்பு இதுதான். இந்த ஒரு காட்சியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தனியாக எழுதிப் பார்ப்பதும் நல்லது.

சந்திப்பு முடியும் முறையும் முக்கியம். சாமியாட்டத்தில் மலையேறிவிடலாம். உங்கள் பாத்திரம் மலையேற முடியாதவர். பெயர் சொன்ன பிறகும் மறுநாள் காலையில் அதே தெருவில் பால் வாங்க வர வேண்டும். அந்தக் காலையை எழுதாமல் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவாதீர்கள்.

7. பெயரும் பேச்சும்

பெயருக்குச் சிரமப்பட வேண்டியதில்லை. மார்க்கபந்து, ரேணுகா, வள்ளியம்மா என்று இந்தப் பக்கத்தில் தெய்வப் பெயரோடு திரிகிறவர்கள் ஏராளம். அந்தப் பெயரையே கொடுங்கள். ஒளிவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பேச்சில் செந்தமிழைக் கொண்டுவராதீர்கள். "மானிடா, கேள்" என்ற ஒரே வரி மொத்தக் கதையையும் நாடக மேடையாக்கிவிடும். இத்தனை காலம் இந்த மண்ணில் இருப்பவர் இந்த மண்ணைப் போலத்தான் பேசுவார். நள்ளிரவில் சாலையோரக் கடையில் ஓட்டுநரும் கிளீனரும் பேசுவதை இப்படி எழுதலாம்:

"இன்னாடா, நீ துன்னலையா?"

"நீ மொதல்ல துன்னுண்ணா. நான் வண்டியாண்ட கீறேன்."

"தெனம் இதயே சொல்ற. எப்பதான் துன்னுவ?"

"நீ ஊடு போய்ச் சேந்தப்புறம்."

தெய்வம் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் தெரிந்து படிப்பவருக்குக் கடைசி வரி போதும். ஓட்டுநர் 'டா' போட்டுப் பேசுவதையும் மாற்றாதீர்கள். அவர் மூத்தவர், முதலாளிக்கு அடுத்தவர், அப்படித்தான் பேசுவார். உண்மை தெரிந்த பிறகு அந்த 'டா' என்ன ஆகிறது என்பது உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். சட்டென்று 'சாமி' என்று மாற்றிவிட்டால் அது வீணாகிவிடும்.

8. அற்புதம்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கதைக்கு ஒன்று. தொழிலுக்குள்ளேயே நடக்க வேண்டும். இரண்டாம் படியில் மிச்சம் வைத்த அந்த ஓர் அடையாளத்தை அவர் அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டும். வியர்க்காதவருக்கு அன்று முதல்முறையாக வியர்க்கட்டும்.

9. கும்பிடுகிறவர்களை மறக்காதீர்கள்

நீங்கள் பாத்திரமாக்கும் தெய்வம் இன்னொருவரின் குலதெய்வம். பிள்ளைக்கு முதல் முடி இறக்கிய இடம், கல்யாணப் பத்திரிகையை முதலில் வைத்த இடம். எழுதக்கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் கதைகளில் தெய்வங்கள் திருடியிருக்கிறார்கள், பொய் சொல்லியிருக்கிறார்கள், அடி வாங்கியிருக்கிறார்கள், மண் சுமந்திருக்கிறார்கள். மரபு தாராளமானது. ஆனால் தெய்வத்தைச் சிறுமைப்படுத்தும் இடத்தில் கும்பிடுகிற எளியவர்களும் சேர்ந்து சிறுமைப்படுகிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் அந்த இடத்தைத் திருப்பி எழுதுங்கள்.

சாதியை ஒட்டிய தலவழக்குகளைக் கதைக்கு ருசியாகத் தூவாதீர்கள். எடுத்தால் முழுமையாக எடுங்கள், அதனால் வலி பட்டவரின் பக்கத்திலிருந்து எடுங்கள்.

10. முதல் பிரதிக்குப் பிறகு

இரண்டு சோதனைகள். முதலாவது, தெய்வத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல மனிதர் ஒருவரை வைத்துப் படியுங்கள். கதை மாறாமல் ஓடினால், தெய்வம் அதில் இருக்கவே இல்லை. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். கோளாறு பெரும்பாலும் இழப்பு சரியாக அமையாததில்தான் இருக்கும்.

இரண்டாவது, கோயிலை மாற்றிப் படியுங்கள். விரிஞ்சிபுரத்துக்குப் பதில் வேறு எந்த ஊர்ச் சிவனை வைத்தாலும் கதை பொருந்தினால், முதல் படியில் எடுத்த வினைச்சொல் நடுவில் எங்கோ கைநழுவிவிட்டது. நான்காம் படியிலிருந்து ஒவ்வொரு காட்சியாகப் பாருங்கள். அந்தச் சொல் வராத காட்சியைக் குறித்து, வெட்டுங்கள் அல்லது மாற்றுங்கள்.

இரண்டையும் தாண்டிய பிரதியை, அந்தக் கோயிலுக்கு ஆண்டு தவறாமல் போகும் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. "எங்க சாமி இப்பிடிச் செய்யாது" என்று அவர் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் செய்யாது என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தோடு அந்தக் காட்சியை மறுபடி எழுதிவிட்டு வெளியிடுங்கள்.